வியாழக்கிழமையைத் தள்ளிப்போடாதே

தம்பி,

நேற்றுக் காலையில் நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குகிறாய், புதன்கிழமை ரேவதியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு மஸ்கட்டுக்குக் கிளம்புகிறாய், மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது என்றாய். இத்தனை மாதமாக நான் காத்துக்கொண்டிருந்த செய்திதான். அதற்கு மறுநாள் வியாழக்கிழமை மதுரையில் பாப்பாவுக்குக் கண்ணும் காதும் பார்க்கத் தேதி கொடுத்திருக்கிறார்களே என்று மெல்ல இழுத்தேன். "அதான் நல்லா இருக்காள்லப்பா. சிரிக்கிறா, முழிச்சு முழிச்சுப் பாக்குறா. ஒரு வாரம் முன்னப்பின்ன ஆனா என்ன, இங்க வந்து பாத்துக்கிருவோம்" என்றாய். சரி தம்பி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீ சொன்ன அதே வார்த்தையை ஐந்து மாதத்துக்கு முன்னால், இதே வீட்டில் நின்றுகொண்டு நான் சொல்லியிருக்கிறேன். அதனால் என்ன ஆனது என்பது உனக்கு முழுசாகத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். முடியவில்லை. நீ வேலையிடத்திலிருந்து பேசுகிறாய், பின்னால் மெஷின் சத்தம் கேட்கிறது. நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ "சாப்டீங்களாப்பா" என்கிறாய், அதோடு எனக்கு இருந்த கொஞ்சத் தைரியமும் போய்விடுகிறது. நேரில் சொல்லலாம் என்றால், நீ வந்து சேர்வதற்குள் டிக்கெட்டை மாற்றுகிற காலம் கடந்துவிடும். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ரேவதிதான் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்ப வேண்டும். அப்படியென்றால் அவளும் படிப்பாள். அது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏழாம் மாதத்தில் ரேவதிக்கு பிரஷர் ஏறியது. அருப்புக்கோட்டையில் பார்த்த டாக்டரம்மா உடனே ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார். அன்றைக்கே பாப்பாவை வெளியே எடுத்துவிட்டார்கள். ஆயிரத்து நூறு கிராம். நீ பத்து நாள் லீவில் ஓடி வந்தாய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாய். ஏழு வாரம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, மூக்குக் குழாயை எடுத்து, வயிற்றுக்குப் பால் போன குழாயை எடுத்து, ஒரு கிலோ எழுநூறு வந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். எல்லாருக்கும் ஸ்வீட்டு வாங்கிக் கொடுங்கப்பா என்று நீ போனில் கத்தினாய். வாங்கிக் கொடுத்தேன். ஆனால் எனக்குப் பயம் ஆரம்பித்தது அன்றைக்குத்தான். ஆஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் மூச்சு நின்றால் மணி அடிக்க ஒரு மெஷின் இருந்தது, ஓடிவர ஆள் இருந்தது. இங்கே யார் இருக்கிறார்கள்? உன் அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. ரேவதி பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவள் அம்மா தவறிவிட்டாள், இருக்கிற ஒரே அண்ணன் திருப்பூரில். திருச்சுழியிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கிற இந்த ஊரில், உடம்பு தேறாத ஒரு பெண்ணும், இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு வந்த ஒரு கிழவனும்தான் அந்தக் குழந்தைக்கு என்று ஆகிவிட்டது.

கிளம்புகிற அன்றைக்கு ஒரு நர்ஸம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். பாலாடையில் பால் எப்படிப் புகட்டுவது, கையை எப்படிக் கழுவுவது, சொட்டு மருந்து எத்தனை சொட்டு, மூச்சு நின்ற மாதிரி இருந்தால் உள்ளங்காலில் சுண்டிவிட வேண்டும், உதடு நீலம் பாரித்தால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக ஃபைலைத் திறந்து ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டாள். "இது கண்ணு பாக்குற தேதி. குறை மாசத்துல பொறந்த பிள்ளைக்குக் கண்ணுக்குள்ள ரத்தக் குழாய் முழுசா வளந்திருக்காது. வெளிய வந்த பெறகு அது தாறுமாறா வளந்துச்சுன்னா பார்வை போயிரும். கண்ண மேலாகப் பாத்தா ஒண்ணுமே தெரியாது, நல்லாத்தான் இருக்கும். போன தடவ பாத்ததுல இன்னும் வளரணும்னு எழுதியிருக்காங்க. வர்ற வியாழக்கெழமை கட்டாயம் கொண்டுவரணும். எது தவறுனாலும் இது தவறக் கூடாது" என்றாள். ரேவதி தலையாட்டினாள். "தாத்தா, ஒங்களுக்குப் புரிஞ்சதா?" என்று என்னைத் தனியாகக் கேட்டாள். "பஸ்ஸு டயத்துக்கே நான் ஒரு நாளும் பிந்துனதில்ல தாயி" என்று பெருமையாகச் சொன்னேன். போன் நம்பர் கேட்டாள். என் நம்பரைக் கொடுத்தேன்.

குழந்தையை நெஞ்சோடு ஒட்டி, உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். "அம்மா குளிக்கப் போறப்ப, அசந்து தூங்குறப்ப நீங்க வச்சுக்கங்க தாத்தா. ஆம்பள நெஞ்சுலயும் சூடு ஒண்ணுதான்" என்றாள். மருமகள் இருக்கிற வீட்டில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே ரேவதிக்கு நிற்க முடியாமல் தலை சுற்றியது, வேறு வழியில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன், அவள் பாப்பாவை என் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டு, மேலே வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கனமே இல்லை தம்பி. அவள் மூச்சு சீராகவும் இல்லை. நாலு மூச்சு வேகமாக விடுவாள், ஒரு நிறுத்தம், மறுபடி நாலு. அந்த நிறுத்தம் வரும்போதெல்லாம் நானும் மூச்சை நிறுத்திக்கொண்டு அடுத்ததுக்குக் காத்திருப்பேன். ஒரு மணி நேரம் கழித்து ரேவதி வந்து வாங்கிக்கொள்ளும்போது, அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைவரை நின்றுகொண்டே போனவன் மாதிரி கால் மரத்திருக்கும்.

உன்னை நான் அப்படி வைத்துக்கொண்டதே இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது, உனக்கு ஞாபகம் இருக்காது. கண் சொருகி, கை கால் வெட்டி இழுத்தது. உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்து கைகாட்டி ஏறியது நான் கண்டக்டராகப் போன பஸ்ஸில். ஒருத்தரை எழுப்பிவிட்டு அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அருப்புக்கோட்டையில் இறங்கும்போது படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். வா என்று வாய் திறந்து கேட்கவில்லை. "டிரிப்ப முடிச்சிட்டு வாரேன், நீ போ" என்று சொல்லி விசில் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நீ எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாய். பார், ஒன்றும் ஆகவில்லையே என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலையை முடித்துவிட்டுப் போனாலும் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்ற நினைப்பு எனக்குள் எங்கேயோ தங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் மத்தியானம் ஒன்று நடந்தது. அதையும் உன்னிடம் சொல்லவில்லை. ரேவதி பால் புகட்டிவிட்டுத் துணி அலசப் போயிருந்தாள். பாப்பா என் நெஞ்சில் கிடந்தாள். அந்த நிறுத்தம் வந்தது. அடுத்த மூச்சு வரவில்லை. குனிந்து பார்க்கிறேன், உதட்டைச் சுற்றிச் சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது. எப்படியோ வேட்டித் துணிக்குள் கையை விட்டு அந்தக் காலைத் தேடிப் பிடித்து உள்ளங்காலில் சுண்டினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது சுண்டலுக்கு ஒரு விக்கலோடு மூச்சை இழுத்தாள், வாயோரம் பால் வழிந்தது, அப்புறம் வீல் என்று கத்தினாள். அன்றைக்கே காரை வரவழைத்து அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டர், பால் புரையேறியிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள், புகட்டினதும் கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு அவள் தூங்கினால் எனக்குப் பயம், அசையாமல் கிடந்தால் பயம், யாராவது தும்மினால் பயம். பார்க்க வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தினேன். சாம்பிராணி போடக் கூடாது, மூக்கில் எண்ணெய் விடக் கூடாது என்று எல்லாரிடமும் சண்டை போட்டேன். இவ்வளவு பயந்தவன் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படவில்லை. மூச்சு நின்றால் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குள்ளே நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. மூன்று வருஷமாக நம் கரிசல் காடு என்ன கொடுத்தது என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை இரண்டு நாள் நின்று பெய்தது, தரை குளிர நனைந்துவிட்டது. ஈரம் காய்வதற்குள் பருத்தியும் கொத்தமல்லியும் விதைத்தாக வேண்டும். டிராக்டர்காரர் வியாழக்கிழமை காலையில்தான் வருவேன் என்றார், விட்டால் பந்தல்குடிப் பக்கம் போய்விடுவார், பத்து நாளைக்குத் திரும்பமாட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். அது என்ன வியாழக்கிழமை என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

புதன்கிழமை ரேவதி கேட்டாள். "மாமா, நாளைக்கு பாப்பாவுக்குக் கண்ணு பாக்கப் போகணும்ல. காருக்குச் சொல்லிட்டீகளா?"

"நாளைக்கு விதப்பு தாயி. டிராக்டர் வருது. அடுத்த வியாழக்கெழம போவோம்."

"நர்ஸம்மா தவறவே கூடாதுன்னு சொன்னாகள்ல மாமா."

"அவுக எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுவாக. பிள்ள நல்லா முழிச்சு முழிச்சுப் பாக்குது. ஒரு வாரத்துல என்ன ஆயிறப் போகுது?"

"அப்ப நான் மட்டும் தூக்கிட்டுப் போயிட்டு வாரேன்."

"இந்த ஈரத்துல, ரெண்டு பஸ்ஸு மாறி, இத்தனூண்டு பிள்ளையத் தூக்கிக்கிட்டா? வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எம் மகனுக்கு யாரு பதில் சொல்றது?"

உன் பெயரை நடுவில் இழுத்து அவள் வாயை அடைத்தேன். அவள் உள்ளே போனாள். காரை வரவழைத்து அவளையும் பாப்பாவையும் அனுப்பிவிட்டு நான் விதைப்பைப் பார்த்திருக்கலாம். அந்த யோசனை அப்போது வரவே இல்லை. நான் இல்லாமல் அனுப்பப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் பயம்கூட இல்லை, நான் சொன்னதே நடக்க வேண்டும் என்ற வீம்பு.

இனிமேல் சொல்வது யாரிடமும் சொல்லாதது. வெள்ளிக்கிழமை காலையில் பாதி விதைப்பு மீதி இருந்தது, காட்டில் நிற்கிறேன், போன் அடித்தது. அந்த நர்ஸம்மா. "தாத்தா, நேத்து ஏன் வரல? டாக்டர் கேட்டாங்க. வியாழக்கெழம வரைக்கும் வைக்காதீங்க. நாளைக்கும் டாக்டர் இருக்காங்க, நாளைக்கே கொண்டுவந்துருங்க" என்றாள். டிராக்டர் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு, "சரி தாயி, வாரோம் வாரோம்" என்றேன். வீட்டுக்கு வந்து ரேவதியிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் நான் முதல் நாள் பேசினது தப்பு என்று ஆகிவிடும். அவ்வளவு சின்னக் காரணம்தான் தம்பி. வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று இத்தனை மாதமாகத் தேடிப் பார்க்கிறேன், இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் நீ போன் பண்ணி, "கண்ணு பாத்தாச்சாப்பா?" என்று கேட்டாய். "பாதை சகதியாக் கெடக்கு தம்பி, டாக்டரே அடுத்த வாரம் வந்தாப் போதும்னுட்டாக" என்று சொன்னேன்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினேன். பருத்தி முளைவிட்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் மதுரை போய் இறங்கினேன். பாப்பாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். எங்களைச் சுற்றி அதே மாதிரி சின்னச் சின்னப் பிள்ளைகள், துணிப் பொட்டலம் மாதிரி. உள்ளே கூப்பிட்டார்கள். பாப்பாவைத் துணியில் இறுக்கிச் சுற்றி, இமையை ஒரு கம்பியால் விரித்து வைத்து, டாக்டரம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். பார்த்தார், மறுபடி பார்த்தார், இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். விளக்கைக் கழற்றிவிட்டு என்னைத்தான் பார்த்தார்.

"போன வாரம் எங்க போனீங்க?"

நான் ஃபைலை மேஜையில் வைத்தேன். அவரே தொடர்ந்து சொன்னார்.

"ரெண்டு கண்ணுலயும் முத்திருச்சு. இன்னும் நாலஞ்சு நாள் விட்டிருந்தீங்கன்னா உள்ள இருக்குற திரை கழண்டிருக்கும். அப்பறம் நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. இன்னைக்கே லேசர் வைக்கணும்."

ரேவதிதான் கேட்டாள். "பார்வை இருக்கும்ல டாக்டர்?"

"மொதல்ல காப்பாத்தப் பாப்போம்மா. மத்தத அப்பறம் பேசுவோம்."

ரேவதி கையெழுத்துப் போட்டாள். அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போனது என்று கேட்காதே. உள்ளே ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம் பிள்ளை, கண்ணுக்குள் நெருப்பு வைக்கிறார்கள், மூச்சு நின்றாலும் நிற்கும் என்று சொல்லித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். ரேவதி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. நான் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படியிலும் ஒரு நினைப்பு. இந்தப் பிள்ளை நம் வாசலில் தடவித் தடவி நடப்பது மாதிரி, நான் கூப்பிட்டால் என் குரல் வந்த பக்கம் முகத்தை மட்டும் திருப்புவது மாதிரி. எனக்கு எத்தனையோ பயம் வந்திருக்கிறது. உன் அம்மாவை வார்டில் சேர்த்திருந்தபோதும் பயந்தேன். ஆனால் அப்போதெல்லாம் நடந்ததற்கு நான் காரணம் இல்லை. நானே செய்துவிட்டுப் பயப்படுவது வேறு மாதிரி இருக்கிறது. அதைத் தாங்க முடியவில்லை.

லேசர் முடிந்து வெளியே கொண்டுவரும்போது இரண்டு கண்ணும் வீங்கியிருந்தன. அன்றைக்கு ஒரு தடவை மூச்சு நின்று மறுபடி வந்தது என்றார்கள், இரண்டு நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். உன்னிடம் "சும்மா சோதனைக்குச் சேத்திருக்காக" என்றுதான் சொன்னோம். பிறகுதான் லேசர் வைத்த விஷயத்தை, ஏதோ எல்லாப் பிள்ளைக்கும் வைப்பது மாதிரி, நான் உனக்குச் சொன்னேன். வாராவாரம் கொண்டுபோனோம், பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. வலது கண் தப்பிவிட்டது. இடது கண்ணில் உள்ளே இருக்கிற திரை லேசாக இழுத்துக்கொண்டிருக்கிறது, பார்வை எவ்வளவு இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது, வளர வளரத்தான் தெரியும், சின்ன வயதிலேயே கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. அந்த ஏழு நாளைக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் இடது கண்ணும் நன்றாக இருந்திருக்குமா என்று ஒரு நாள் தனியாகக் கேட்டேன். அவர் "இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? அடுத்த தேதியத் தவறவிடாதீங்க" என்றார். இருந்திருக்கலாம் என்ற ஒரு வார்த்தையைத்தான் நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

இப்போது காதுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது பார்த்த சோதனையில் இடது காதில் பதில் வரவில்லை. மறுபடி பார்த்தபோது சளி இருந்தது, சரியாகத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வருகிற வியாழக்கிழமை தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி முழுசாகப் பார்க்கப்போகிறார்கள். நீ வைத்த பெயரை என் வாய்க்குச் சொல்ல வராது, யாழினி எனக்கு யாளினிதான். வலது பக்கம் நின்று யாளினி என்றால் உடனே திரும்புகிறாள். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறாள், சில நேரம் திரும்புவதில்லை. திரும்பாதபோது, என் குரலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். அப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே எனக்குப் பயம் வந்துவிடுகிறது, ஏனென்றால் நல்லாத்தான் முழிச்சுப் பாக்குது என்று சொன்னதும் இதே வாய்தான். காதில் குறை இருந்தால் சீக்கிரம் மெஷின் வைக்க வேண்டுமாம், தள்ளத் தள்ளப் பேச்சு வருவது தள்ளிப்போகுமாம். அங்கே போய் வீடு பிடித்து, ஆஸ்பத்திரி தேடி, பழைய கதையெல்லாம் புது டாக்டருக்குச் சொல்லி, தேதி வாங்குவதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று நீயே யோசித்துப் பார்.

ஏழு மாதம் ஆயிற்றே, இன்னும் குப்புற விழவில்லையே என்று போன வாரம் கேட்டாய். அவளுக்குப் பிறந்த நாளிலிருந்து கணக்குப் போடாதே. அவள் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து போடு, நாலரை மாதப் பிள்ளைதான். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த நாள் கணக்கு. அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்கள் தங்கள் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள், ரேவதி மனசு சுருங்கும். நீ பக்கத்தில் நின்று பதில் சொல். அதே நேரம், குறை மாதப் பிள்ளை மெதுவாகத்தான் வரும் என்று சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் விட்டுவிடவும் செய்யாதே. கால் விறைப்பாக இருக்கிறதா, ஒரு கையை மட்டும் நீட்டுகிறாளா, எடை ஏறுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் இங்கே பார்த்தார்கள். அங்கேயும் பார்க்க ஆள் வேண்டும். ஃபைலைப் பெட்டியில் போட்டு லோடோடு அனுப்பிவிடாதே, கையிலேயே வைத்துக்கொள். இருமலோ காய்ச்சலோ இருக்கிற சிநேகிதர்கள் பார்க்க வந்தால், முகம் கோணினாலும் பரவாயில்லை, வெளியிலேயே பேசி அனுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, ரேவதி பயமாக இருக்கிறது என்று சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பு. அவள் பயம் ஒரு தடவைகூடத் தப்பாக இருந்ததில்லை.

இதை இதுவரை எழுதிவிட்டு இன்றைக்குக் காலையில் நிறுத்தினேன். தாளில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் அவளிடம் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பாப்பாவுக்குக் கஞ்சி வடிக்கிற துணி மாதிரி மெல்லிசான ஒரு சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். "தாயி, அந்த வெள்ளிக்கெழம நர்ஸம்மா எனக்குப் போன் பண்ணி, மறுநாளே கொண்டாரச் சொன்னாக. நான் ஒங்கிட்டச் சொல்லல" என்றேன். தலை நிமிரவில்லை. பித்தானைப் போட்டு முடித்தாள்.

"தெரியும் மாமா."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"லேசர் வச்ச அன்னைக்கே. போன் பண்ணிச் சொன்னனேம்மா, ஏன் கொண்டுவரலன்னு அந்த நர்ஸம்மாவே கேட்டாக."

ஐந்து மாதம் தம்பி. ஐந்து மாதம் எனக்குச் சோறு போட்டாள், என் நெஞ்சில் பிள்ளையைக் கட்டிவிட்டாள். ஏன் தாயி ஒரு வார்த்தை கேக்கல என்றேன்.

"அன்னைக்கு நான் ஒங்ககூடச் சண்ட போட்டு, நீங்க ஒதுங்கிப் போயிட்டீகன்னா, பாப்பாவ யாரு நெஞ்சுல போட்டுக்கிருவா? எனக்கு வேற ஆளு இல்ல மாமா. அதான் கேக்கல. மறந்துட்டேன்னு மட்டும் நெனச்சுக்கிறாதீக."

பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதமாட்டேன், அவள் அப்படிச் சொல்லவில்லை. நீயும் வந்து இறங்கியதும் என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு, உன் அம்மா மாதிரி சும்மா இருந்துவிடாதே. உன்னிடம் நான் கேட்பது வேறு. இந்த இடத்தில் தைரியமாக இரு என்று தகப்பன் எழுதுவது வழக்கம். நான் எழுதப்போவதில்லை. நீ பயப்படு தம்பி. நன்றாக இருக்கிறாளே என்று உனக்கு நிம்மதியாகத் தோன்றுகிறபோதெல்லாம் கொஞ்சம் பயப்படு. அந்தப் பயத்தோடு போய் வரிசையில் உட்கார்ந்து, டாக்டர் வாயால் நன்றாக இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டு வா.

முடித்துவிடலாம் என்று ரேவதியைக் கூப்பிட்டுத் தாள்களைக் கொடுத்தேன். முதலிலிருந்து கடைசிவரை நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, இன்னும் ஒரு வரி எழுத இடம் இருக்கிறது, நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள் என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"டிக்கெட்ட வெள்ளிக்கெழமைக்கு மேல மாத்துங்க. மாத்தலைன்னா நீங்க மட்டும் ஏறிக்கிருங்க, நானும் பாப்பாவும் வியாழக்கெழம மதுரைக்குத்தான் போறோம்."